முதலில் யார் இறங்குவது?

டம், டம், டம்டம் என்று தகரம் அதிர்ந்தது.

வேன்காரர் வாயில் வைத்த பிரஷ்ஷோடு வாசலுக்கு ஓடினார். குப்பை லாரிதான் வேனில் வந்து மோதிவிட்டது என்று நினைத்தார். வெளியே வந்து பார்த்ததும், லாரியே மோதியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. நான்கு பேர் வேனைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பக்கமாக உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர், இஸ்திரிக்காரர், காய்கறிக்கடை அக்கா, கணக்கு டியூஷன் டீச்சர். நால்வர் வீட்டுப் பிள்ளைகளும் அவர் வேனில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தார்கள்.

"இறங்கிடுச்சு அண்ணே" என்றார் சலூன்காரர். முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு.

"எது?"

"பெட்ரோல்."

வேன்காரர் நுரையை விழுங்கிவிட்டார்.

தப்பு அவர் மேல்தான். சில மாதங்களுக்கு முன் வேன் கட்டணத்தை ஏற்றியபோது, இதே இடத்தில் நின்று, இதே தகரத்தை ஓங்கித் தட்டி, ஒரு வீர வசனம் பேசியிருந்தார். பெட்ரோல் ஏறப் போகிறது, அதனால் நானும் ஏற்றுகிறேன். அது இறங்குகிற அன்றைக்குக் காலையில் வந்து என் வேனைத் தட்டுங்கள், அந்த நிமிடமே நானும் இறங்குவேன் என்று சொல்லியிருந்தார். அது இறங்கவே இறங்காது என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு அது.

அன்றைக்குப் பெட்ரோல் ஏறியிருக்கவில்லை. ஏறப் போகிறது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவும் இல்லை, முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். ஆனால் மறுவாரமே பெட்ரோல் விலை உண்மையிலேயே ஏறித் தொலைத்தது. அன்றிலிருந்து தெருவில் அவருக்கு மரியாதையே தனி. 'வானிலை' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தால் நிறுத்தி, இன்றைக்கு டேங்க்கை நிரப்பலாமா, நாளைக்கு நிரப்பலாமா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவரும் வானத்தைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, "பெட்ரோல் பூனை மாதிரி. மரத்துல ஏறத் தெரியும். இறங்கணும்னா யாராவது ஏணி கொண்டு வரணும்" என்பார்.

இப்போது பூனை தானாகவே குதித்துவிட்டது.

வேன்காரர் வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டு, நிதானமாக ஒரு வழி கண்டுபிடித்தார். இறங்கியது பெட்ரோல்தானே, டீசல் இல்லையே என்று கேட்டார். தம்முடைய வேன் டீசலில் ஓடுவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றும் பணிவாகச் சேர்த்துக்கொண்டார்.

கணக்கு டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ஏத்தும்போது பெட்ரோல்னுதான் சொன்னீங்க. அன்னிக்கு மட்டும் வேன் பெட்ரோல்ல ஓடிச்சா?"

வேன்காரர் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அக்கா தன் காய்கறிப் பையிலிருந்து ஒரு வழவழப்பான நோட்டீஸை எடுத்து வேன் கண்ணாடியில் ஒட்டவைப்பது போலப் பிடித்தார். புதிதாக வந்திருக்கும் ஒரு வேன் கம்பெனி. ஏசி உண்டு. பிள்ளைகள் பார்க்க டிவி உண்டு. கட்டணம் இவருடைய பழைய கட்டணம்தான். கம்பெனியின் ஆள் ஒருவர் இரண்டு நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறார், நாளை மறுநாள் சாயங்காலம் பெயர் எழுத மறுபடி வருகிறார் என்று அக்கா தகவல் சொன்னார்.

"உன்மேல எங்களுக்குக் கோவம் இல்ல தம்பி. ஆனா அதுக்குள்ள நீ இறங்கலைன்னா நாங்க ஏறிடுவோம்."

இந்த நான்கு பேர் போனால் தெருவே பின்னால் போகும். தெரு போனால் பள்ளிக்கூட வேன் என்பது சக்கரம் வைத்த தகரக் கொட்டகை. கோழி வளர்க்கத்தான் லாயக்கு. வேன்காரருக்கு வேறு தொழிலும் தெரியாது. நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு சொல்வதாகக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

உள்ளே, ஜன்னல் ஓரமாக மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்து, யாருடைய பிள்ளைக்கோ யூனிஃபார்ம் கால்சட்டை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் முக்கால்வாசித் துணி அவள் கையில்தான் உருவம் பெறும். வேன்காரர் அவள் எதிரில் நின்று தம் நியாயத்தை எடுத்து வைத்தார். குறைக்கச் சொல்லுகிற நான்கு பேரும் யோக்கியர்களா? பெட்ரோல் பெயரைச் சொல்லி சலூன்காரர் ஏற்றவில்லையா? இஸ்திரிக்காரர் ஏற்றவில்லையா? அக்கா கடையில் தக்காளி ஏறவில்லையா? தம் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் டீச்சர் டியூஷன் பீஸை ஏற்றவில்லையா? இவர்கள் எல்லாரும் மேலேயே உட்கார்ந்துகொண்டு, தம்மை மட்டும் கீழே இறங்கச் சொன்னால் எப்படி?

"அப்ப அவங்களையும் இறங்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்துவிட்டு. அவ்வளவுதான். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

வேன்காரருக்கு அது அபாரமான யோசனையாகப் பட்டது. ஐந்து நிமிடத்தில் அது தம்முடைய யோசனையாகவே ஆகிவிட்டது.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராக சலூனுக்குப் போனார். சும்மா போய்க் கேட்டால் மரியாதை இருக்காது என்று ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். அங்கேதான் தப்புச் செய்தார். கழுத்தில் துணியைக் கட்டி, முகத்தில் சோப்பு நுரையைப் பூசி, கத்தியோடு நிற்கிற ஆளிடம் விலை பேசக்கூடாது.

பெட்ரோல் ஏன் ஏறுகிறது என்பதை சலூன்காரர் வேன்காரரின் கன்னத்திலேயே படம் போட்டு விளக்கினார். காது இருக்கிற இடத்தில் எண்ணெய்க் கிணறுகள். அங்கே இரண்டு நாடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன. காதுக்குக் கீழே கப்பல் போகிற குறுகலான பாதை. அது அடைபட்டுப் போகிறது. அதனால் கப்பல் தாடையெல்லாம் சுற்றி, முகவாயைத் தாண்டி, மூக்கு வழியாக வரவேண்டியிருக்கிறது. அப்படிச் சுற்றி வருகிற கப்பலுக்கும் எண்ணெய் ஊற்ற வேண்டாமா? கத்தி அந்தப் பாதையிலேயே சரசரவென்று பயணம் செய்தது. வேன்காரர் மூச்சு விடாமல் உலக அரசியலைக் கற்றுக்கொண்டார்.

கப்பல் கரை சேர்ந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரி. இந்தக் கத்தியில எங்கப்பா பெட்ரோல் ஊத்துற?"

சலூன்காரர் கத்தியை நிறுத்தினார். மனம் புண்பட்டவர் போல ஒரு பெருமூச்சு விட்டார். கத்திக்கு ஊற்றவில்லைதான், ஆனால் கடைத் துண்டுகளையெல்லாம் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கிற இஸ்திரிக்காரர் ஏற்றிவிட்டாரே, அவர் இறங்கட்டும், தாம் மறுநாளே இறங்குவதாகச் சொன்னார். அதுவரைக்கும் தமக்குப் பழைய ரேட்டில் ஷேவ் செய்யலாமே என்று வேன்காரர் வாய்விட்டதுதான் தாமதம், சலூன்காரர் துணியை அவிழ்த்து உதறினார்.

"பழைய ரேட்டுக்கு இவ்வளவுதாண்ணே வரும்."

வேன்காரர் கண்ணாடியில் பார்த்தார். வலது கன்னம் மாப்பிள்ளை போலப் பளபளத்தது. இடது கன்னத்தில் மூன்று நாள் தாடி அப்படியே இருந்தது. ரோஷக்காரர். பழைய ரேட்டை மேஜையில் வைத்துவிட்டு, அதே முகத்தோடு தெருவில் இறங்கினார். மொத்த விலையும் இறங்காமல் மீதிக் கன்னத்தில் கத்தி படாது என்று சபதமும் செய்துகொண்டார்.

இஸ்திரிக்காரர் அவரை விட வயதில் மூத்தவர். தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து ஒரு கன்னத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறு கன்னத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ சட்டைகளைப் பாதியில் பார்த்தவர்.

இஸ்திரிப் பெட்டி கரண்ட்டில்தானே ஓடுகிறது என்று வேன்காரர் வாதத்தை ஆரம்பித்தார். கரண்ட் மட்டும் மரத்திலா காய்க்கிறது, அதையும் எங்கேயோ எதையோ கொளுத்தித்தானே எடுக்கிறார்கள் என்று இஸ்திரிக்காரர் திருப்பிக் கேட்டார். கரண்ட் பில் ஏறியதா என்று கேட்டதற்கு, இன்னும் ஏறவில்லை, ஆனால் ஏறிவிடுமோ என்ற கவலை ஏறியிருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் போனதும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"நான் துணியைத் தேய்க்கறேன். தக்காளி என்னைத் தேய்க்குது. கடைக்கார அக்காவைப் போய்க் கேளுப்பா. அது இறங்கினா நானும் இறங்கறேன்."

காய்கறிக்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். வேன்காரர் சபை மரியாதைக்காக வலது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே போனார். அக்காவிடம் வாதமே செய்ய முடியவில்லை. காரணம், தெருவிலேயே அவர் ஒருவரிடம்தான் நியாயமான காரணம் இருந்தது. காய் லாரியில் வருகிறது. லாரி எண்ணெயில் வருகிறது. ஒரு லிட்டர் விலையில் பாதி எண்ணெய்க்கு, மீதி வரிக்கு என்று கத்தரிக்காயைப் பாதியாக ஒடித்தே காட்டினார் அக்கா. ஒடித்த கத்தரிக்காயை வேன்காரர் பையிலேயே போட்டார்.

அப்படியானால் இப்போது லாரி வாடகை இறங்கியிருக்க வேண்டுமே என்று கேட்டார் வேன்காரர். அதைக் கேட்டதும் அக்காவுக்கே கோபம் வந்தது.

"லாரிக்காரரைக் கேட்டேனே, டீசலும்தான் இறங்கியிருக்கேன்னு. நேத்துதான் டேங்க்கை ரொப்பினாராம். பழைய விலை எண்ணெய் தீரட்டும்கறார். இந்த லாரிக்காரர் டேங்க் இருக்கே தம்பி, விலை ஏறும்போது அன்னிக்கே காலியாயிடும். இறங்கும்போது ஆறு மாசம் ஆனாலும் தீராது."

இருந்தாலும் லாரிக்காக ஏற்றியது கொஞ்சம்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். மீதி எதற்கு? பையனுக்கு டியூஷன். கணக்கு டீச்சர் பீஸை ஏற்றினால் வெங்காயத்திலிருந்துதானே எடுக்க வேண்டும்? டீச்சர் இறங்கினால் தானும் இறங்குவதாகச் சொல்லி, அக்கா தராசுத் தட்டைத் தட்டிச் சத்தியம் செய்தார்.

டீச்சர் வீட்டு முன்னறையில் டியூஷன் நேரம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. வேன்காரர் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். கணக்கில் எங்கே டீச்சர் எண்ணெய் செலவாகிறது என்று கேட்டுவிட்டார்.

டீச்சர் கோபப்படவில்லை. சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். அது செங்குத்தாக ஏறி, பிறகு தூங்கிவிட்டது போலப் படுத்து, மிக மெதுவாகச் சரிந்தது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை மாறும், நம் பணத்தின் மதிப்பு மாறும், வரி மாறும். இந்த மூன்றும் சேர்ந்துதான் விலை என்று சொன்னார். மூன்றும் ஒரே நேரத்தில் நமக்குச் சாதகமாகத் திரும்பினால்தான் விலை இறங்கும். ஆனால் ஏறுவதற்கு ஒன்று போதும் என்றும் சொன்னார். அதற்கு மேல் இன்னொரு விஷயம் இருக்கிறதாம்: ஏறும்போது நேற்று வாங்கிய சரக்குக்கும் இன்றைய விலை, இறங்கும்போது இன்று வாங்கிய சரக்குக்கும் நேற்றைய விலை.

வேன்காரர் வாயைப் பிளந்து கேட்டார். தாம் மட்டும் இவரிடம் படித்திருந்தால் இன்றைக்குக் கப்பலே ஓட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் கேள்வியை விடவில்லை. டீச்சர் ஏன் ஏற்றினார்?

"உங்களாலதான். நீங்க வேன் கட்டணத்தை ஏத்தினீங்க. நான் பீஸை ஏத்தினேன்."

டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டு ஒரு வட்டம் போட்டார். வேனால் டியூஷன், டியூஷனால் காய், காயால் இஸ்திரி, இஸ்திரியால் சலூன். மற்றவர்கள் இறங்கினால்தான் தாம் இறங்குவேன் என்று வேன்காரர் நிற்பதால், சலூனிலிருந்து ஒரு அம்புக்குறி கிளம்பி மறுபடி வேனுக்கே வந்து நின்றது. வேன்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முழுக்கத் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்த திருடன் தம் சட்டையையே போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. அடுத்தவர் இறங்கட்டும் என்று ஐந்து பேரும் காத்திருந்தால், பூமியில் எண்ணெயே தீர்ந்துபோய் எல்லாரும் நடந்து போகிற காலத்திலும் விலை இறங்காது.

"அப்ப எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கிட்டா?" என்றார் வேன்காரர்.

டீச்சர் முதல்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தார். அதுவும் வலது பக்கமாக.

நாளை மறுநாள் சாயங்காலம் சலூனில் கூடுவது என்று முடிவானது. அதுவரைக்கும் வேன்காரர் பாதி முகத்தோடுதான் வேன் ஓட்டினார். வலது பக்கம் உட்கார்ந்த பிள்ளைகள் அங்கிள் இன்றைக்கு அழகாக இருக்கிறார் என்றார்கள். இடது பக்கப் பிள்ளைகள் அங்கிளுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். வேனுக்குள் இரண்டு கட்சி உருவாகி, பென்சில் டப்பாவால் அடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சாயங்காலம் சலூனில் ஐந்து பேர் கூடினார்கள். இரண்டு சுவரிலும் கண்ணாடி இருந்ததால் ஒரு மாநாடே கூடியது போல இருந்தது. வேன் கம்பெனி ஆளும் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத கம்பெனி சட்டை, கக்கத்தில் நோட்டீஸ் கட்டு. தமக்கு அவசரமில்லை, பேசி முடியுங்கள் என்று சொல்லி, வாசல்படியிலேயே பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேன்காரர் அந்தத் திறந்த பேனாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்; எதிர்க் கண்ணாடியிலும் அதே பேனா.

ஏற்பாடு இதுதான். வேன்காரர் மூன்று எண்ணுவார். மூன்று என்றதும் ஐந்து பேரும் ஒரே குரலில், 'பழைய ரேட்டு' என்று சொல்லவேண்டும். சொன்ன வார்த்தையை யாரும் திரும்ப வாங்கக்கூடாது.

வேன்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு."

மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக்காரர் வாயைத் திறந்து வைத்திருந்தார், ஆனால் அதிலிருந்து எதுவும் வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அக்கா சலூன்காரரைக் கேட்க, அக்கா சொன்னதும் சொல்லலாம் என்று இருந்ததாக அவர் சொன்னார். எண்ணிய வேன்காரரே ஏன் சொல்லவில்லை என்று டீச்சர் கேட்டார். எண்ணுகிற வேலையில் மறந்துவிட்டதாக வேன்காரர் சமாளித்தார்.

ஒருவரையொருவர் பார்ப்பதால்தான் இந்தக் கூச்சம், கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றார் டீச்சர். எல்லாரும் மூடினார்கள். மறுபடி மூன்று எண்ணப்பட்டது. மறுபடி மின்விசிறி. வேன்காரர் லேசாக ஒரு கண்ணைத் திறந்து எதிர்க் கண்ணாடியில் பார்த்தார். ஐந்து பேருமே ஒரு கண்ணைத் திறந்து அதே கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல்படியிலிருந்து கம்பெனி ஆள் லேசாக இருமினார்.

"இது வேலைக்கு ஆகாது" என்றார் இஸ்திரிக்காரர். "மரத்துல முதல்ல ஏறினது யாரோ, அவங்க முதல்ல இறங்கட்டும். மத்தவங்க அந்த நிமிஷமே பின்னாடி இறங்கிடணும். பேச்சு மாறினா அவங்க வீட்டுத் துணியை நான் தொட மாட்டேன்."

நியாயமான தீர்ப்பு. எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு, முதலில் ஏறியது யார் என்று யோசித்தார்கள். சலூன்காரர் இஸ்திரிக்காரருக்குப் பின்னால் ஏறியவர். இஸ்திரிக்காரர் அக்காவுக்குப் பின்னால். அக்கா டீச்சருக்குப் பின்னால். டீச்சர் வேனுக்குப் பின்னால். நான்கு முகமும் வேன்காரர் பக்கம் திரும்பின. கண்ணாடியில் நாற்பது முகம் திரும்பின.

தாம் பெட்ரோலுக்குப் பின்னால் ஏறியவர் என்று வேன்காரர் சொல்ல வாயெடுத்தார். டீச்சர் விடவில்லை.

"பெட்ரோல் ஏறினது மறுவாரம். நீங்க அதுக்கு முன்னாடியே ஏத்திட்டீங்க. ஏறப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

 இத்தனை மாதமாகக் கட்டிக் காத்த 'வானிலை' பட்டம். அவர் வானத்தைப் பார்த்ததும் டேங்க்கை நிரப்ப ஓடிய மனிதர்கள். சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் முதல் ஆளாக, தனி ஆளாக இறங்கவேண்டும். அப்படி இறங்கினால் மாதக் கடைசியில் டீசல் அடிக்கக்கூட மிஞ்சாது. இறங்காவிட்டாலோ, வாசல்படியில் பேனா காத்திருக்கிறது. பிள்ளைகள் போய்விடுவார்கள். இரண்டு கட்சியும் போய்விடும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு நடந்ததை அப்படியே சொன்னார்: ஒரு நாள் வீட்டுக்குப் போனபோது, இன்றிலிருந்து தையல் கூலியை ஏற்றிவிட்டேன் என்று மனைவி சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டிலேயே விலை ஏறிவிட்டதே, நாம் மட்டும் ஏன் கீழே நிற்கவேண்டும் என்று அவருக்கு ஒரு ரோஷம் வந்தது. மறுநாள் தாமும் ஏற்றினார். காரணம் கேட்டார்கள். பெண்டாட்டி ஏற்றினாள், அதனால் ஏற்றினேன் என்று தெருவில் சொல்ல முடியுமா? பெட்ரோல் மேல் பழியைப் போட்டார். அது பாவம், மறுவாரம் ஏறி அவர் மானத்தைக் காப்பாற்றியது.



"அடப்பாவி" என்றார் சலூன்காரர். "நீ வானத்தைப் பாத்தேன்னு நான் ரெண்டு கேன் பெட்ரோல் வாங்கி வச்சேனே."

ஆனால் கோபப்பட நேரமில்லை. மரத்தில் முதலில் ஏறிய ஆள் கிடைத்துவிட்டார். ஐந்து பேரும் கிளம்பினார்கள். விஷயம் எந்தப் பக்கம் சாயும் என்று பார்க்கக் கம்பெனி ஆளும் பேனாவோடு பின்னால் வந்தார். வேன்காரர் முன்னால் நடந்தார். கூட்டத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற ஆள் போல இருந்தது நடை.

மனைவி மெஷினில்தான் இருந்தாள். இத்தனை பேர் ஒன்றாக உள்ளே வந்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்தாள். டீச்சர் அவளை உட்காரவைத்து, வட்டத்தில் ஆரம்பித்து மின்விசிறி வரைக்கும் சுருக்கமாகச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கணவரின் முகத்தைப் பார்த்தாள், முதலில் ஒரு கன்னத்தை, அப்புறம் இன்னொரு கன்னத்தை. இரண்டு நாளாக இந்த முகம் எதற்காக இப்படி அலைகிறது என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இறங்கினா இவர் வேனுக்கு வர்ற பிள்ளைங்க யாரும் போக மாட்டாங்கதானே?" என்று கேட்டாள்.

போகமாட்டார்கள் என்று நான்கு பேரும் சொன்னார்கள்.

"அப்ப பழைய கூலியே கொடுங்க. இன்னிக்கே."

அவள் அதை உப்புப் போதுமா என்று கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். வேன்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, தாமும் பழைய கட்டணம்தான் என்றார். டீச்சர் டியூஷன் பீஸைச் சொன்னார். அக்கா காய் விலையைச் சொன்னார். லாரிக்கு உண்டான கொஞ்சத்தை மட்டும், டேங்க் தீருகிற வரைக்கும், விட்டுக்கொடுக்கமாட்டேன் என்றார். அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இஸ்திரிக்காரர் இறங்கினார். சலூன்காரர் கடைசியாக இறங்கி, மீதிக் கன்னத்தை உடனே முடித்துத் தருவதாக வேன்காரரின் தோளைத் தட்டினார். இத்தனை மாதமாக ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. கம்பெனி ஆள் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பழைய கூலி என்றதும் எல்லாருக்கும் வீட்டில் மூலையில் கிடந்த துணியெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அக்காவுக்குக் கடைத் திரை ஒன்று தைக்கவேண்டியிருந்தது. கூடவே தங்கை வீட்டுத் திரையும். சலூன்காரருக்கு வாடிக்கையாளர் கழுத்தில் கட்டுகிற துணி ஒரு டஜன். இஸ்திரிக்காரரிடம் விளிம்பு பிரிந்த துணிகள் ஒரு மூட்டை. பக்கத்து வீடுகளிலிருந்தும் இரண்டு பேர் சேதி கேட்டுப் பையோடு வந்துவிட்டார்கள். கம்பெனி ஆள் கூச்சத்தோடு ஓரமாக நின்று, சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். மெஷினுக்குப் பக்கத்தில் துணி மலை போல எழுந்தது. வேன்காரர் அந்த மலையை வெற்றிச் சின்னம் மாதிரி பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சருக்கு மட்டும் கணக்கு முடியவில்லை. விடை சரியாக வந்தாலும் வழிமுறை தெரியாமல் விடுகிறவர் இல்லை அவர். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"எல்லாம் சரிம்மா. பெட்ரோலே ஏறாதப்ப, காலால மிதிக்கிற மெஷினை வச்சுக்கிட்டு, நீங்க எதுக்கு ஏத்தினீங்க?"

மனைவி மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, முதுகை மெதுவாக நிமிர்த்தி, மலையின் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"கூலியை ஏத்தினா நாலு பேராவது வராம இருப்பாங்க, கொஞ்சம் படுத்து எந்திரிக்கலாம்னு பாத்தேன் டீச்சர், வர்றதை ஒருத்தரும் நிறுத்தல, எல்லாரும் அவங்கவங்க ரேட்டை ஏத்திக்கிட்டு, அதே துணியோட வந்து நின்னாங்க."